குரோவேஷியப் பாறைக் கரையில் நண்பர்களோடு ஒரு வாரம்: பாய்ப்படகில் முதல்முறை போகிறவர்களுக்கு

குரோவேஷியாவின் டால்மேஷியக் கரையைப் படத்தில் பார்த்தவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "ஒரு வாரத்தில் எத்தனை தீவு பார்க்கலாம்?" என்பதுதான். நானும் அப்படித்தான் கேட்டேன். மூன்று கோடைகள் போய்வந்த பிறகு, புதிதாகக் கிளம்புகிற நண்பர்களிடம் தினமும் காலையில் வேறொரு கேள்வியைக் கேட்கச் சொல்கிறேன்: இன்று இரவு படகை எங்கே நிறுத்தப்போகிறோம்?

பகலில் காற்று கூடினால் பாயைச் சுருக்கலாம், இன்ஜினைப் போடலாம், வந்த வழியே திரும்பலாம். எல்லோரும் விழித்திருக்கிறோம், வெளிச்சம் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு, பின்னால் இருபதடி தூரத்தில் பாறை இருக்கிற குடாவில் காற்று திசை மாறினால் நிலைமையே வேறு. அதனால்தான் இந்தக் கட்டுரையில் தீவுகளைவிட நங்கூரத்தைப் பற்றி அதிகம் இருக்கும்.

ஆட்களும் படகும்

ஸ்ப்ளிட் நகரம், அதற்குப் பக்கத்தில் காஷ்டெலா, ட்ரோகிர். இந்த மூன்று இடங்களின் படகுத்துறைகளில் வாடகைப் பாய்ப்படகுகள் வரிசையாக நிற்கும். வாடகை பெரும்பாலும் சனி மாலையிலிருந்து அடுத்த சனி காலை வரை. 2023 ஜனவரி 1 முதல் குரோவேஷியா ஷெங்கன் பகுதியில் இருக்கிறது, அதே நாளில் யூரோவுக்கும் மாறிவிட்டது. ஜெர்மனியிலோ பிரான்சிலோ வசிக்கிற நம்மவர்களுக்குத் தனி விசா தேவையில்லை. இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஷெங்கன் விசா போதும்.

படகை நீங்களே ஓட்டுவதென்றால் ஒருவரிடம் ஸ்கிப்பர் (படகுத் தலைவர்) உரிமமும், படகுகள் பேசிக்கொள்கிற விஎச்எஃப் ரேடியோவுக்கான சான்றிதழும் இருக்க வேண்டும். எந்தெந்த நாட்டு உரிமங்கள் செல்லும் என்ற பட்டியலை அந்நாட்டுக் கடல்துறை அமைச்சகம் வெளியிடுகிறது. படகுக்கு முன்பணம் கட்டும் முன்பே உங்கள் உரிமத்தின் நகலை அனுப்பி, "இது செல்லுமா?" என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

யாரிடமும் உரிமம் இல்லையென்றால் ஸ்கிப்பரைச் சம்பளத்துக்கு அமர்த்தலாம். முதல் பயணத்துக்கு நான் அதைத்தான் சொல்வேன். அவருக்குச் சாப்பாடும் படுக்கையும் நம் பொறுப்பு. 40 அடிப் படகில் வழக்கமாக மூன்று அறைகள் இருக்கும். ஆறு பேர் போனால் ஸ்கிப்பர் நடுக்கூடத்தில் படுக்க வேண்டிவரும். ஐந்து பேராகப் போய் அவருக்கு ஓர் அறை கொடுப்பது நல்லது. நாள் முழுக்க நம் உயிருக்குப் பொறுப்பாக நிற்கிறவர் இரவில் சரியாகத் தூங்க வேண்டும்.

ஜூனும் செப்டம்பரும் நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் விலையும் ஏறும், மதியத்துக்குள் குடாக்களும் நிரம்பிவிடும்.

கூட வருகிறவர்களிடம் மூன்று விஷயங்களை முன்கூட்டியே கேளுங்கள். நீச்சல் தெரியுமா, வாந்தி வருமா, தினசரி மாத்திரை ஏதாவது உண்டா. நீச்சல் தெரியாதவர்களும் தாராளமாக வரலாம். ஆனால் யாருக்குத் தெரியாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பணத்துக்கு ஒரு பொதுப்பை வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே தொகையை முதலிலேயே போட்டுவிட்டால் டீசல், துறைக்கட்டணம், காய்கறி எல்லாம் அதிலிருந்து போகும். கணக்குப் பேசி மனக்கசப்பு வராது.

படகைக் கையில் வாங்கும்போது

சனி மாலை அலுவலகக்காரர் படகைச் சுற்றிக்காட்ட வருவார். அவருக்கு அன்று இன்னும் பத்துப் படகு இருக்கும், அவசரப்படுவார். நீங்கள் அவசரப்படாதீர்கள். இருக்கிற கீறல்களையெல்லாம் கைபேசியில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், கட்டிய பிணைத்தொகை திரும்பக் கிடைப்பது அதில்தான் இருக்கிறது. உயிர்காப்பு உடைகளை எண்ணி, ஒவ்வொருவரும் போட்டு வாரை இறுக்கிப் பாருங்கள். கேஸ் குழாயை எங்கே அடைப்பது, தீயணைப்பான் எங்கே, படகின் அடியில் தண்ணீர் சேர்ந்தால் இறைக்கிற பம்ப் எங்கே என்று கேட்டு ஆளுக்கொரு முறை தொட்டுப் பாருங்கள்.

இரண்டு கேள்விகளைப் புதியவர்கள் கேட்க மறந்துவிடுகிறார்கள். முதலாவது: நங்கூரச் சங்கிலி மொத்தம் எத்தனை மீட்டர், அதில் எத்தனை மீட்டருக்கு ஒரு முறை வண்ண அடையாளம் இருக்கிறது? இரண்டாவது: கரையில் கட்டுகிற நீளக் கயிறு படகில் இருக்கிறதா? ஒன்றுதான் இருக்கிறது என்றால் இன்னொன்றைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு கயிறு இல்லாமல் இந்தக் கரையில் கிளம்பாதீர்கள். நங்கூரத்தை ஏற்றி இறக்கும் மோட்டாரின் மின்சார பிரேக்கர் (ட்ரிப் ஸ்விட்ச்) எங்கே இருக்கிறது என்பதையும் கேளுங்கள். அது பெரும்பாலும் படகின் உள்ளே, ஏதாவது ஒரு படுக்கைக்கு அடியில் இருக்கும். நடுராத்திரியில் தேடுகிற பொருள் அல்ல அது.

அப்புறம் கழிப்பறை. வயிற்றுக்குள் போகாத எதுவும் அதற்குள் போகக்கூடாது, காகிதம்கூடத் தனிப்பையில்தான். இதை வெட்கப்படாமல் முதல் மாலையே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

காற்றுக்கு அங்கே உள்ள பெயர்கள்

வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று திசைக்கொரு பெயர் நம்மிடம் இருப்பதுபோல அவர்களிடமும் இருக்கிறது. அந்த ஊர்க்காரர் யாரும் "வடகிழக்குக் காற்று வருகிறது" என்று சொல்ல மாட்டார், "புரா வருகிறது" என்பார். நான்கைந்து பெயர்களைத் தெரிந்துகொண்டால் துறைமுகத்தில் நடக்கிற பேச்சு பாதி புரிந்துவிடும்.

மயெஸ்ட்ரால் கோடையின் நல்ல காற்று. வடமேற்கிலிருந்து வரும். வெயிலில் நிலம் சூடேறியதும் காலை பத்து, பதினொரு மணிக்குத் தொடங்கி, பிற்பகலில் உச்சத்துக்குப் போய், சூரியன் இறங்கும்போது அடங்கிவிடும். பாய் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

யூகோ தென்கிழக்கிலிருந்து வருவது. ஒரேயடியாக வராது, ஒன்றிரண்டு நாளாக வானம் மங்கி, காற்று பிசுபிசுத்து, அலை உயர்ந்துகொண்டே போகும். வருகிறது என்று தெரிந்தபின் பாதுகாப்பான இடத்துக்குப் போக நேரம் இருக்கும்.

புராதான் பயப்பட வேண்டியது. கரையோர மலைகளுக்கு அப்பால் தேங்கிய குளிர்ந்த காற்று சரிவில் இறங்கிக் கடலில் விழுகிறது. வானம் பளிச்சென்று தெளிவாக இருக்கும், அதனால் ஏமாந்துபோவீர்கள். மலை முகட்டில் மட்டும் வெள்ளைப் போர்வைபோல மேகம் படிந்திருந்தால் அது புராவின் அறிகுறி. நிதானமாக வீசாமல் அடி அடியாக விழும். குளிர்காலத்தில்தான் இதற்கு உக்கிரம் அதிகம், ஆனாலும் கோடையிலும் வரும்.

நெவெரா என்பது கோடைக் கால இடிப்புயல். மேற்கிலிருந்து கறுத்து வந்து, அரை மணி, ஒரு மணி நேரம் ஆட்டிவைத்துவிட்டுப் போய்விடும். மேற்கு வானம் மாலையில் கறுத்தால் பாய் இறங்கியிருக்க வேண்டும், எல்லோர் உடம்பிலும் உயிர்காப்பு உடை இருக்க வேண்டும்.

முன்னறிவிப்புக்கு அந்நாட்டு வானிலை நிறுவனமான டிஎச்எம்இசட்டின் கடல் அறிக்கையைக் காலையும் மாலையும் படியுங்கள். விண்டி போன்ற செயலிகள் உதவும், ஆனால் தீவுகளுக்கு நடுவே காற்று வளைந்து கூடுவதை அவை முழுமையாகக் காட்டாது. துறைமுகத்தில் வலை பிரிக்கிற மீனவர் ஒருவரிடம் "புரா?" என்று மட்டும் கேளுங்கள். அவர் மலையைப் பார்த்துத் தலையை ஆட்டுகிற விதத்திலேயே பதில் இருக்கும்.

அறிக்கையில் காற்றின் வேகம் 25 நாட் (மணிக்குச் சுமார் 46 கிலோமீட்டர்) அளவுக்கு மேல் என்று வந்தால் புதியவர்கள் துறையிலேயே இருந்துவிடுங்கள். ஒரு நாள் ஊரைச் சுற்றிப் பார்ப்பதால் பயணம் ஒன்றும் கெட்டுப்போகாது.

வரைபடத்தில் பாறையைப் பார்ப்பது

இந்தக் கரை முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. மலைத்தொடர் ஒன்று கடலில் அமிழ்ந்து, முகடுகள் தீவுகளாகவும் பள்ளத்தாக்குகள் கால்வாய்களாகவும் ஆனதுதான் இந்த நிலம். இதனால் ஒரு நன்மை, ஒரு தீமை. கரைக்கு மிக அருகிலும் ஆழம் இருக்கும், அது நன்மை. ஆழமான தண்ணீருக்கு நடுவே திடீரென்று ஒற்றைப் பாறை தலைநீட்டும், அது தீமை. இந்தக் கரையைத் தொடுகிற ஆட்ரியாடிக் கடலின் நடுப்பகுதியில் ஓத ஏற்ற இறக்கம் அரை மீட்டருக்கும் குறைவு. தரை தட்டினால், நீர் ஏறித் தூக்கிவிடும் என்று காத்திருக்க வழியில்லை.

வரைபடத்தில் சில சொற்களை அடையாளம் கண்டுகொள்ளுங்கள். "ஹ்ரித்" என்றால் நீர்மட்டத்தில் உள்ள பாறை. "கிரெபென்" என்றால் பாறைத்திட்டு. "பிளிச்சினா" என்றால் ஆழமில்லாத இடம். "ர்ட்" முனை, "உவாலா" குடா, "லூகா" துறைமுகம். முதல் மூன்று சொற்கள் உங்கள் பாதையில் எங்கே வந்தாலும் பென்சிலால் வட்டம் போடுங்கள்.

திரையில் பார்க்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. மின்வரைபடத்தைச் சிறிதாக்கிப் பார்த்தால் சின்னப் பாறைகள் மறைந்துவிடும். 2014 நவம்பரில், உலகைச் சுற்றும் வோல்வோ ஓஷன் ரேஸ் போட்டியில், வெஸ்டாஸ் அணியின் படகு மொரீஷியஸுக்கு வடகிழக்கே கார்கடோஸ் கராஹோஸ் திட்டில் இரவில் மோதி நின்றது. ஓட்டியவர்கள் உலகத் தரமான மாலுமிகள். அந்தத் திட்டு இருக்கும் பகுதியை அவர்கள் திரையில் போதுமான அளவு பெரிதாக்கிப் பார்க்கவில்லை. எல்லோரும் உயிர்பிழைத்தார்கள். அவர்களுக்கே அப்படியென்றால் நாம் எம்மாத்திரம்? பாதையைக் குறித்தபின், தொடக்கத்திலிருந்து முடிவு வரை முழுப் பெரிதாக்கி, விரலால் நகர்த்திக்கொண்டே ஒரு முறை "நடந்து" பாருங்கள். ஐந்து நிமிடம் ஆகும்.

முனைகளை ஒட்டிப் போகாதீர்கள். பாறையில் மோதித் திரும்புகிற அலையும் வருகிற அலையும் அங்கே கலந்து படகைக் குலுக்கும், அந்த நேரத்தில் இன்ஜினும் நின்றுபோனால் யோசிக்க இடமிருக்காது. ஒதுங்கிப் போனால் ஐந்து, பத்து நிமிடம்தான் கூடும்.

பாய் விரிக்கும் முன்

எல்லாம் ஒரே நாளில் வராது. முதல் நாள் மூன்று பழக்கங்கள் போதும்.

பெரிய பாயின் அடியில் கிடைமட்டமாக ஒரு கட்டை இருக்கும், அதை பூம் என்பார்கள். காற்று பின்னாலிருந்து வரும்போது படகு கொஞ்சம் தவறாகத் திரும்பினால், அது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வேகமாக வீசியடிக்கும். அதன் வழியில் தலை இருக்கக்கூடாது. திரும்பும் முன் சுக்கான் பிடிப்பவர் சத்தமாகச் சொல்ல வேண்டும், எல்லோரும் "சரி" என்று திருப்பிச் சொன்ன பிறகே திருப்ப வேண்டும்.

கயிறு சுற்றுகிற வின்ச்சில் விரல் மாட்டினால் நொறுங்கும். கட்டைவிரலை மடக்கி, கயிற்றை முஷ்டியாகப் பிடித்துச் சுற்றுங்கள்.

யாராவது தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வது என்பதைக் கரை தெரிகிற தூரத்திலேயே ஒரு மிதவையைப் போட்டுப் பழகுங்கள். விழுந்ததைப் பார்த்தவர் கத்த வேண்டும், வளையத்தை வீச வேண்டும், அப்புறம் விழுந்தவரை நோக்கி விரலை நீட்டிக்கொண்டே நிற்க வேண்டும். வேறு எந்த வேலையும் அவருக்குக் கிடையாது. அலைக்கு நடுவே ஒரு தலை எவ்வளவு சீக்கிரம் மறையும் என்பது செய்து பார்த்தால்தான் புரியும். ஆபத்தென்றால் விஎச்எஃப் 16ஆம் அலைவரிசை. கைபேசியில் கடல் மீட்புக்கு 195.

நங்கூரம்

இரண்டாம் ஆண்டு நானே உரிமம் எடுத்துக்கொண்டு போனேன். ஹ்வார் தீவின் வடகரையில் ஒரு சின்னக் குடா. மாலை ஆறு மணி, தண்ணீர் எண்ணெய்போல அசையாமல் கிடந்தது. எட்டு மீட்டர் ஆழத்தில் இருபத்தைந்து மீட்டர் சங்கிலி விட்டேன். அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை, பசி. சாப்பிட்டோம், பாட்டுக் கேட்டோம், தூங்கினோம்.

இரவு இரண்டேகால் மணிக்கு ஒரு சத்தம். அம்மிக்கல்லை யாரோ சிமெண்ட் தரையில் இழுப்பதுபோல, படகின் முனையிலிருந்து என் தலையணை வரைக்கும் வந்தது. மேலே வந்தபோது காற்று வடகிழக்காக மாறியிருந்தது. பின்னால் டார்ச் அடித்த நண்பன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "டேய், பாறை கிட்ட வந்துருச்சுடா." சுக்கானுக்கும் பாறைக்கும் நடுவே ஒரு கார் நிறுத்துகிற அளவுதான் இடம். இன்ஜின் ஒரே அழுத்தில் உயிர்பெற்றது. நங்கூரத்தை ஏற்றியபோது அதில் மண் ஒட்டியிருக்கவில்லை, ஒரு கொத்துக் கடற்புல் மட்டும் இருந்தது. விடியும்வரை திறந்த கடலில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தோம். யாரும் பேசவில்லை.

தவறு முழுவதும் என்னுடையது. அதிலிருந்து நான் செய்கிற முறையை அப்படியே எழுதுகிறேன்.

குடாவுக்குள் நுழையும் முன்பே, அது எந்தத் திசைக்கு வாய் திறந்திருக்கிறது என்று பார்ப்பேன். இரவு முன்னறிவிப்பில் அந்தத் திசைக் காற்று இருந்தால் அந்தக் குடா வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. மனதில் எப்போதும் இரண்டாவது இடம் ஒன்று இருக்கும், அது வேறு திசைக்குத் திறந்ததாக இருக்கும். பிற்பகல் மூன்று மணிக்குள் போய்ச் சேர்வேன். வெயில் தலைக்கு மேலே இருக்கும்போதுதான் அடித்தரை தெரியும்.

தண்ணீரில் வெளிர்நீலமாகத் தெரிவது மணல். கருமையாகத் தெரிவது பாறை, அல்லது பொசிடோனியா என்கிற கடற்புல். புல்லில் நங்கூரம் பிடிக்காது. அதோடு அந்தப் புல் பாதுகாக்கப்பட்டது, மீன்குஞ்சுகள் வளர்கிற இடம். பிய்த்துவிட்டால் மறுபடி வளரப் பல்லாண்டு ஆகும். வெளிர்நீலத் திட்டைத் தேடி, அதன் நடுவில் இறக்குங்கள்.

ஆழத்தைப்போல ஐந்து மடங்காவது சங்கிலி. ஆறு மீட்டர் ஆழத்துக்கு முப்பது மீட்டர். காற்று வரும் என்றால் இன்னும் கூட. நங்கூரம் தரையைத் தொட்டதும் சங்கிலியைக் குவியலாகக் கொட்டாமல், படகு மெல்லப் பின்னால் போகப் போக நீட்டி விடுங்கள். பிறகு இன்ஜினைப் பின்னோக்கிப் போட்டு, முதலில் மெதுவாக, அப்புறம் படிப்படியாகக் கூட்டி ஒரு நிமிடம் இழுங்கள். ஒருவர் முனையில் நின்று சங்கிலிமேல் கையை வைத்திருக்கட்டும். நங்கூரம் பிடித்திருந்தால் சங்கிலி விறைத்து அமைதியாக இருக்கும். உருண்டுகொண்டிருந்தால் உள்ளங்கையில் கடகடவென்று அதிரும், தவறவே தவறாது. இன்னொருவர் கரையில் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கிற இரண்டு பொருள்களை, ஒரு மரமும் அதன் பின்னால் ஒரு வீடும் என்று வைத்துக்கொள்ளுங்கள், பார்த்துக்கொண்டிருக்கட்டும். அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் படகு நகர்கிறது.

பிடிக்கவில்லையா? ஏற்றி மறுபடி போடுங்கள். மூன்று முறை போட்டிருக்கிறேன். பக்கத்துப் படகுக்காரர் பார்த்துக்கொண்டிருப்பார், பார்க்கட்டும். பிடித்தபின் நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கி நங்கூரத்தைக் கண்ணால் பாருங்கள். மணலில் கொழு போலப் புதைந்து, மேல்தண்டு மட்டும் தெரிந்தால் அன்று தூக்கம் நிச்சயம். கைபேசியில், படகு நகர்ந்தால் எழுப்புகிற நங்கூர அலாரம் போடுங்கள், அதோடு படுக்கும் முன் காற்றின் திசையையும் கரைப் பொருள்களையும் இன்னொரு முறை பாருங்கள்.

கரையில் கயிறு கட்டுவது

குறுகிய குடாவில் படகு சுற்ற இடமிருக்காது. அங்கே முனையில் நங்கூரம், பின்னால் கரைக்கு இரண்டு கயிறு. கரையிலிருந்து நாற்பது, ஐம்பது மீட்டர் தள்ளி நங்கூரத்தைப் போட்டுவிட்டுப் பின்னோக்கி வாருங்கள். ஒருவர் டிங்கி என்கிற சின்னத் துணைப்படகிலோ நீந்தியோ கயிற்றைக் கொண்டுபோவார். அவர் காலில் கட்டாயம் ரப்பர் செருப்பு வேண்டும். பாறை முழுக்கக் கடல்முள்ளி, முள் காலில் ஒடிந்தால் இரண்டு நாள் நடக்க முடியாது. கயிறு தண்ணீரில் இருக்கும்போது இன்ஜின் நியூட்ரலில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் படகை உந்துகிற விசிறியில் சுற்றிக்கொள்ளும்.

கயிற்றை மரத்தில் கட்டாதீர்கள். அந்தப் பாறை இடுக்கில் ஒரு பைன் மரம் வளர்ந்ததே பெரிய காரியம், கயிறு அதன் பட்டையை அறுத்துவிடும். இரும்பு வளையம் அல்லது உறுதியான பாறைமுனை பாருங்கள். சுண்ணாம்புப் பாறையின் விளிம்பு ரம்பம்போல இருக்கும், ஒரே இரவில் கயிறு நைந்துபோகும். உரசுகிற இடத்தில் பழைய துணியையோ ஒரு துண்டு ரப்பர் குழாயையோ சுற்றுங்கள். இரண்டு கயிறுகளும் விரித்த கால்களைப்போல அகன்று போக வேண்டும்.

துறைமுகத்தில் நிறுத்துவது இதைவிட எளிது. பின்பக்கமாக வந்து, காற்று வருகிற பக்கக் கயிற்றை முதலில் கரைக்குக் கொடுங்கள். துறையாள் தண்ணீருக்கு அடியிலிருந்து ஒரு கயிற்றைத் தூக்கிக் காட்டுவார். அதைப் பிடித்து முனைக்குக் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். அதில் சிப்பி ஒட்டியிருக்கும், கையுறை போடுங்கள். படகுக்கும் சுவருக்கும் நடுவே காலையோ கையையோ வைத்துத் தடுக்கவே கூடாது. அதற்குத்தான் காற்றடைத்த ஃபெண்டர் இருக்கிறது. எத்தனை டன் எடை நகர்கிறது என்பது மெதுவாக வருவதால் தெரியாது.

ஒரு வார வழி

சனி இரவு துறையிலேயே தூங்குங்கள். ஞாயிறு பத்து, பதினைந்து கடல் மைலில் பிராச் தீவின் மில்னா. வழியில் பிராச்சுக்கும் ஷோல்டாவுக்கும் நடுவே உள்ள குறுகலான வாயில் பெரிய ஃபெர்ரிகள் வரும். முழுநேரமும் ஒருவர் பின்னாலும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிராச்சின் வெள்ளைக் கல்லில்தான் ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் ஸ்ப்ளிட்டில் தன் அரண்மனையைக் கட்டினார். துறையில் காலை வைக்கிற கல்லும் அதே கல்தான்.

திங்கள், விஸ். ஐந்து நாட் வேகத்தில் போனால் நாலு மணி நேரத்துப் பயணம். யூகோஸ்லாவியக் காலத்தில் கடற்படைத் தளமாக இருந்ததால் 1989 வரை வெளிநாட்டவருக்கு அனுமதியில்லாத தீவு. அதனாலேயே இன்னும் அமைதியாக இருக்கிறது. இங்கே இரண்டு ஊர்கள். விஸ் நகரின் துறைமுகம் வடகிழக்கே திறந்தது, கொமீஷா மேற்கே திறந்தது. புரா வந்தால் கொமீஷா, மேற்குக் காற்று வந்தால் விஸ் நகரம். புதியவர்களுக்கு இதைவிட வசதியான தீவைக் காட்ட முடியாது.

செவ்வாய், பிஷெவோ தீவின் நீலக்குகை. வாய் சிறியது, அங்குள்ள படகோட்டிகள்தான் உள்ளே கூட்டிப்போவார்கள். நீருக்கடியில் உள்ள திறப்பு வழியாக வெயில் புகுந்து குகை முழுக்க நீலமாகும். நடுப்பகலை ஒட்டித்தான் அந்த ஒளி. யூகோ அலை இருந்தால் மூடிவிடுவார்கள். கூட்டம் அதிகம், ஒரு முறை பார்த்தால் போதும். எனக்கு அதைவிடப் பிடித்தது விஸ்ஸின் தென்கரைக் குடாக்கள்தான்.

புதன், ஹ்வாருக்கு எதிரே பாக்லெனி தீவுகள். இந்தப் பெயரை நரகத்தோடு சேர்த்துச் சொல்வார்கள், உண்மையில் படகு இடுக்குகளை அடைக்கப் பயன்பட்ட பைன் பிசினின் பெயரிலிருந்து வந்தது. வியாழன், ஹ்வார் தீவிலேயே உள்ள ஸ்டாரி கிராட். கி.மு. 384இல் கிரேக்கர்கள் அமைத்த ஊர். அவர்கள் பிரித்த வயல்களின் கல்வரப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. 2008 முதல் அது யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். சைக்கிள் வாடகைக்கு எடுத்து ஒரு சாயங்காலம் அந்த வயல்களுக்கு நடுவே போய்வாருங்கள். வெள்ளி மாலைக்குள் ஸ்ப்ளிட்.

இந்த வழியை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். யூகோ வந்தால் விஸ்ஸை விட்டுவிடுங்கள்.

சாப்பாடு

கொனோபா என்கிற கரையோரச் சின்ன உணவகங்களில் சிலவற்றுக்குப் படகு கட்டச் சொந்த மிதவைகள் உண்டு. அங்கே சாப்பிட்டால் இரவு கட்டிக்கொள்ளப் பெரும்பாலும் கட்டணம் கேட்க மாட்டார்கள். மூடிபோட்டு மேலே தணல் கொட்டிச் சமைக்கிற "பெக்கா" வேண்டுமென்றால் சில மணி நேரம் முன்பே தொலைபேசியில் சொல்ல வேண்டும்.

படகில் நம் சமையல் நன்றாக நடக்கும். அடுப்பு படகோடு சாயாமல் நிமிர்ந்தே இருக்கும்படி தொங்கவிட்டிருப்பார்கள். ஆனாலும் ஓடும்போது கொதிநீர் வேண்டாம். வீட்டிலிருந்து புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், பருப்புப்பொடி, நல்லெண்ணெய் கொண்டுபோங்கள். காலையில் துறையில் இருக்கும்போதே சோறு வடித்துக் கிளறி டப்பாவில் போட்டுவிட்டால் மதியம் யாரும் கீழே இறங்க வேண்டாம். கீழே இறங்குவதுதான் வாந்திக்குப் பாதிக் காரணம். குமட்டுகிறவரை மேலே உட்காரவைத்து, தொலைவில் கரையைப் பார்க்கச் சொல்லுங்கள், முடிந்தால் சுக்கானையே கையில் கொடுங்கள். மாத்திரை போடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கிளம்பும் முன்பே போட வேண்டும். குமட்டல் வந்தபின் போட்டால் பலன் குறைவு. நல்ல தண்ணீர் தொட்டியைப் பார்த்துச் செலவழியுங்கள். குளித்து முடிக்க ஆளுக்கு இரண்டு நிமிடம்.

திரும்பும் நாள்

வெள்ளி பிற்பகலில் டீசல் நிரப்பும் இடத்தில் நீண்ட வரிசை நிற்கும். இரண்டு மணிக்குள் வந்தால் தப்பிக்கலாம். மாலை ஒருவர் முழுகிப் படகின் அடிப்பக்கத்தைப் பார்ப்பார். ஏதாவது தட்டியிருந்தால் அவர் கண்டுபிடிக்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். அடுத்த வாரம் அந்தப் படகில் இன்னொரு குடும்பம் ஏறுகிறது.

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இரவும் நின்ற இடத்தைப் பற்றி நாலு வரி எழுதுங்கள். அடுத்த ஆண்டு உங்களுக்கு உதவும், உங்களுக்குப் பிறகு போகிற நண்பருக்கும் உதவும். என் நோட்டில் மூன்றாம் ஆண்டு, விஸ் தென்கரை, ஒரு வரி இப்படி இருக்கிறது: "ஆழம் 6. சங்கிலி 35. மணல், கண்ணால் பார்த்தேன். கரைக்கயிறு 2. மூன்று மணிக்குக் காற்று திரும்பியது. எழுந்து பார்த்தேன், அசையவில்லை. மறுபடி படுத்தேன்."